மந்திரித்த கயிறும் பின்னங்கால் தையலும்

ஆவணி 9, திங்கள்
காலையில் தூறல். துணி காயவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய், ஆப்பரேஷன் முடிந்த பூனையைப் பையில் வைத்துப் பஸ்சில் கொண்டு வந்தேன். வலது பின்னங்காலில் கம்பி. தொடையில் ஒன்பது தையல். கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக், தையலை நக்காமல் இருக்க. டாக்டரம்மா சின்ன வயசு, கை ரொம்ப மெது. "பத்து நாளு இத்த கழட்டக்கூடாதும்மா. ஒரு நிமிஷங்கூட."

யார் வீட்டுப் பூனையும் இல்லை. தெருவில் திரிவது. போன வியாழன் என் வீட்டுக்காரர் வண்டியில் கரும்புச் சோகை ஏற்றி வரும்போது டயரில் மாட்டியது. பூனையைக் கொன்றால் ஏழு ஜென்மத்துக்கும் பாவம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது இருக்கிற பக்கம்கூடத் திரும்புவதில்லை. மாரியம்மா, இது பிழைக்கணும். அவர் மனசு தேறணும்.

ஆவணி 10, செவ்வாய்
வெயில். பூனையைக் கோழி கவிழ்க்கிற கூடையில் வைத்தேன். அடியில் என் பழைய புடவை, நீலம்.

பக்கத்து வீட்டு வள்ளி வந்து பார்த்தாள். "இன்னாக்கா, பூனைக்கு ஆப்பரேஷனா? எம் மாமியாரு முட்டி வலின்னு மூணு வருசமா கத்திகினு கீது."
"கூட்டியா, அதுக்கும் ஒரு புனல் மாட்டி வுடுறேன்."
சிரித்துவிட்டுப் போனாள். பூனை பால் தொடவில்லை. மருந்து மட்டும் உள்ளே போனது.

ஆவணி 11, புதன்
அவித்த முட்டை, மஞ்சள் கரு மட்டும் தின்றது! அவரிடம் சொன்னேன். "உம்" என்றார். அவ்வளவுதான்.
வாங்க வேண்டியது: கற்பூரம், பஞ்சு, உளுந்து.

ஆவணி 13, வெள்ளி
எழுதவே கை வரவில்லை.

கோயிலில் பூசாரி கயிறு மந்திரித்துக் கொடுத்தார். பூனையின் கழுத்தில்தான் கட்டணுமாம். புனல் இடைஞ்சல். கழற்றினேன். முடிச்சுப் போடப் போகும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஓடினேன், அடுப்பைத் துடைத்தேன். அவ்வளவு நேரம்தான். திரும்பி வந்தால் மூன்று தையலைக் கடித்துப் பிரித்திருக்கிறது. நீலப் புடவையெல்லாம் ரத்தம்.

ஆட்டோ. மறுபடி தையல். "கயித்த சாமி படத்துல மாட்டுங்கம்மா. பூனைக்கு இந்தப் புனலுதான் கயிறு. இன்னொரு வாட்டி பிரிஞ்சா கால எடுக்கற மாதிரி ஆயிடும்." டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் அவர் கழனியிலிருந்து வந்து, தையல் எப்படிப் பிரிந்தது என்று கேட்டார். "தானா பிரிஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பொய்.
"அப்போ அது பொழைக்காது. எங் கையாலதான் போவணும்னு கீது" என்றார். சட்டைகூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆவணி 14, சனி
கழனிக்குப் போகவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். பூனையும் தின்னவில்லை. அம்மன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆவணி 15, ஞாயிறு
மழை. சொல்லிவிட்டேன்.

"அது தானா பிரியலங்க. புனல கழட்டுனது நான்தான். கயிறு கட்ட."
"நீயா?"
"ஆமாங்க."
படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம், "ரெண்டு நாளா நான் கொலகாரன் மாதிரி குந்திகினு கீறேன், நீ பாட்டுக்கு இட்லி சுட்டுகினு கீற!"

திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும். திட்டி முடித்து எழுந்து நேராகக் கூடைக்குப் போனார். முதல் தடவை. குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். "சுடல. காச்ச இல்ல" என்றார். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஆவணி 16, திங்கள்
பளிச்சென்று வெயில். தையல் காய்ந்திருக்கிறது. பூனை முட்டை முழுசும் தின்று, இன்னும் கேட்டது. மாத்திரையை நான்தான் கொடுப்பேன் என்று அவர் வாங்கிக்கொண்டார். பிடிக்கத் தெரியவில்லை. முன்னங்காலால் ஒரு பிறாண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும்.
"ரத்தம் வருதுங்க, சோப்பு போட்டுக் கழுவிகினு ஊசி போட்டுகினு வாங்க."
"எவ்ளோ தெம்பு பாத்தியா இதுக்கு!"
கழுவப் போகவில்லை. வேலியோரம் நின்று வள்ளியைக் கூப்பிட்டுக் கையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.