வெள்ளிக்கிழமைகளில் இறங்கும் மின்சாரம்

30 செப்டம்பர் 2000, சனி
ஏற்றியாச்சு. ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற இந்த வரிசை வீடுகளுக்கு, மின்சாரம் வரும் என்று சொல்லியே மூன்று தேர்தல் போய்விட்டது. இன்று சூரியனிலிருந்து எடுத்துவிட்டேன். லயத்துக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு மண்மேடு இருக்கிறதே, அந்தப் பக்கம் பார்க்கக் கூரையில் சூரியத் தகட்டைப் பொருத்தினேன். மேட்டில் நின்றால் கைக்கு எட்டும். தெற்கு அதுதான். மூன்று பல்பு, ஒரு ரேடியோ.

பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரலாம் என்று தகடு விற்ற கண்டிக் கம்பனி சொல்லியிருக்கிறது. அப்பா எல்லோர் முன்னாலும், "ஒரு மாசம் பாப்பேன். சரியில்லேன்னா கழட்டிட வேண்டியதுதான்" என்றார். கழற்ற மாட்டீர்கள், அப்பா. தினமும் பொழுது சாயும்போது ஒரு தனி நோட்டுக் கொப்பியில் தேதி போட்டுப் பேட்டரி வோல்ட் எழுதப்போகிறேன். இன்று 12.7.

6 அக்டோபர், வெள்ளி
ஆயுத பூசை. தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தி, கொழுந்துக் கூடை, என் மீட்டர் — எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்தாள். "ஏம்மா, மீட்டர் கண்ணாடியில பூசாத!" என்று கத்தினேன். "சரிடா, மத்ததுக்கெல்லாம் வச்சாச்சு" என்றாள்.
12.4. கொஞ்சம் மேகம்.

9 அக்டோபர், திங்கள்
12.1. யாழ்ப்பாணச் செய்தி பாதியில் ரேடியோ செத்தது. அடுத்த வீட்டுக் காம்பராவிலிருந்து செல்லச்சாமி அண்ணன் குரல்: "தம்பி, சூரியன் சம்பளம் வாங்கிக்கிட்டு ஊருக்குப் போயிருச்சா?" லயமே சிரித்தது. அப்பாவும்தான்.

10 அக்டோபர்
அடைமழை.

11 அக்டோபர்
12.6! மழைக்குப் பிறகு ஏறுகிறது. இது என்ன கூத்து?

15 அக்டோபர், ஞாயிறு
மறுபடி 12.1. வயர் சரி, பேட்டரித் தண்ணீர் சரி. யாரோ இழுக்கிறார்கள். காம்பராக்களுக்கு நடுச்சுவர்தான் உண்டு, மேலே கூரை வரைக்கும் திறப்பு. செல்லச்சாமி அண்ணனிடம் நேராகவே கேட்டேன், "கம்பி ஏதும் போட்டிருக்கீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கதவை அகலத் திறந்தார். "தேடிப் பாருங்க தம்பி."

போய்த் தேடினேன். ஆமாம், தேடினேன். ஒரு குப்பி விளக்கு, ஒரு பாய், அவர் மனைவி புஷ்பம் அக்கா. கம்பி இல்லை. நாளை முதல் அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

20 அக்டோபர், வெள்ளி
கம்பனிக்காரனிடம் காட்ட, கண்டிக்கு வேலைக்குப் போகும்போது கொப்பியைக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் பிரித்தான். வெறும் தேதியும் எண்ணும். "இது என்ன?" பேட்டரி என்றேன். மடையன் நான் — தமிழ்ப் பையன் சொல்கிற வார்த்தையா அது? குண்டுக்கும் பேட்டரிதானே. இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன்.
கம்பனிக்காரன் கொப்பியைத் திறக்கவே இல்லை. "நீங்க டீவி போடுறீங்க போல." எங்களிடம் டீவியே கிடையாது.

22 அக்டோபர், ஞாயிறு
கண்டுபிடித்துவிட்டேன். கம்பனிக்காரன் இல்லை, நானும் என் கொப்பியும்தான்.

மூன்று வாரத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இறங்குகிறது. பெருமழை பெய்தால் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது? அம்மா தலைமுழுகிவிட்டு மேட்டுப் பக்கம் போகிறாள்!

ஓடினேன். தகட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். சுற்றிலும் விபூதிப் பட்டை. பேட்டரிப் பக்கமே மீட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாளாவது தகட்டின் முகத்தை வந்து பார்த்தேனா?

"வெளிச்சம் குடுக்குற சாமிடா. வெள்ளிக்கிழமை மட்டுந்தான்..." அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையிலேயே ஈரத்துணியைக் கொடுத்து, அப்பாவை மீட்டர் பார்க்கச் சொன்னேன். துடைக்கத் துடைக்க 0.9 அம்பியர் 1.9 ஆனது. ஒரு கட்டம் மறைந்தாலும் முழுத் தகடும் முடங்கும் என்றேன். இனிப் பொட்டு ஓரத்துச் சட்டத்தில் மட்டும். அம்மா சம்மதித்தாள்.

27 அக்டோபர், வெள்ளி
சட்டத்தில் சின்னப் பொட்டு. 12.7.

30 அக்டோபர், திங்கள்
தலவாக்கலைப் பக்கம் கலவரம். பஸ் இல்லை, வேலைக்குப் போகவில்லை. எங்கள் ரேடியோதான் லயத்துக்கே காது. எங்கே ஊரடங்கு, எந்த ரோடு மூடல் — எல்லோரும் எங்கள் காம்பராவில். செல்லச்சாமி அண்ணன் மட்டும் வரவில்லை.

பகலிலேயே நடுச்சுவருக்கு மேலால் ஒரு வயர் இழுத்து, மிச்சமிருந்த ஒரு பல்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றேன்.
"மறுபடியும் தேடவா வந்தீங்க?"
"இல்லண்ணே. போட வந்தேன். அன்னிக்கி நான் செஞ்சது தப்பு."
பல்பை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். "புஷ்பம், தம்பி தேடுன கம்பி கெடச்சிருச்சாம். தேத்தண்ணி ஊத்து."
ரேடியோ கடைசிச் செய்தி வரை ஓடியது.

3 நவம்பர், வெள்ளி
கண்டியில் வேலை முடித்து வர இருட்டிவிட்டது. இன்று வோல்ட் எழுத முடியாமல் போயிற்றே என்று கொப்பியைத் திறந்தேன். ஒரு மாதம் போன திங்கட்கிழமையோடு முடிந்தது. அப்பா கழற்றுகிற பேச்சையே எடுக்கவில்லை.

இன்றைய தேதிக்கு நேரே அவருடைய கோணல் எழுத்து: 12.6. ரெண்டு வீடு, நாலு பல்பு.