மருந்தடிக்காத வரிசை

ஏனுங்க,

மலையில் விடாத மழை என்று டிவியில் சொன்னார்கள். நீங்கள் கலப்புச் செய்து வளர்க்கும் உருளைக்கிழங்குச் செடிகளில் இந்நேரம் கருகல் நோய் இறங்கியிருக்கும்.

போன வருடம் ஊட்டிக்கு வந்தபோது, கருகும் வரிசையைப் பார்க்கப் பொறுக்காமல் நான் மருந்தடித்துவிட்டேன். நீங்கள் திட்டவில்லை. "மருந்தில்லாம எது தாங்குதுன்னு பாக்கத்தான புள்ள உட்டு வெச்சிருந்தேன்" என்றீர்கள். ஒரு வருடச் சோதனை என்னால் வீணானது.

திருப்பூரில் எனக்குச் செக்கிங் வேலை. சின்ன ஓட்டை இருந்தாலும் பனியனை ஒதுக்கிவிடுவேன். பொறுத்துப் பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

காய்ச்சல் விட்டு, பாப்பாவை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிட்டேன். இனி அவசரப்பட்டு வர வேண்டாம்.

ஆறு வருடமாக இந்த வீட்டையும் அந்த வரிசை மாதிரித்தான் விட்டு வைத்திருக்கிறீர்கள். இதுவரை தாங்கியிருக்கிறது. உங்கள் சோதனை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மருந்தடித்தவள்