கண் திறக்காத பிள்ளையார்

"இஞ்சேரப்பா, புட்டு மூடி வைச்சிருக்கு. நேத்தையான் மீன்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கோ. கராஜ் பூட்டின்ர திறப்பு மைக்ரோவேவுக்கு மேல கிடக்கு. பிளாக்ஹவுஸ் பே பக்கத்தில இருந்து அந்த வெள்ளைக்கார மனுசி வந்தால் நீங்கள் செய்த மயிலை மட்டும் குடுத்து விடுங்கோ. பிள்ளையாரைக் குடுக்க வேண்டாம். சாமி என்ன, புல்லு வெட்டுற மெஷினுக்குப் பக்கத்தில நிக்கிற பொம்மையோ?"

சுகிர்தா பேனையை வைத்தாள். ஒனிஹங்கா முதியோர் இல்ல வேலையில் அவளுக்கு நேற்று இரட்டை ஷிஃப்ட். இன்றும் விடியுமுன்பே ஓட வேண்டும். கணவன் கேதீஸ்வரன் தோட்டச் சிற்பங்கள் செய்து விற்பவன். ஒரு கிழமையாக இந்தச் சீமெந்துப் பிள்ளையாரால் வீட்டில் சண்டை. "வெள்ளைக்காரர் தோட்டத்துக்கு வடிவெண்டுதான் வாங்குகினம்" என்பான். சண்டை பிடிக்க அவளுக்கு இனித் தெம்பில்லை.

வெளியே தூறல். கோபமென்றாலும் முற்றத்தில் நின்ற பிள்ளையாரை நனைய விட மனம் வரவில்லை. மழைக்குப் போடும் படங்கை இழுத்து மூடப் போனவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். தும்பிக்கை, மோதகம், காலடி எலியின் மீசைவரை வடித்திருந்தான். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழுவழுவென்று இருந்தது.

"கண் திறந்திட்டால் அது சாமி, சாமியை விக்கேலாது" என்று சண்டையில் கத்தியது அவள்தான். எழுந்து போனவனுக்கு அது காதில் விழுந்துதான் இருக்கிறது.

திரும்பி வந்து, தாளின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்: "பார்த்தன். குடுத்து விடுங்கோ. எங்கட வாசலுக்கும் ஒண்டு செய்யுங்கோ. அதுக்குக் கண் திறக்கேக்க என்னை எழுப்புங்கோ, எவ்வளவு நித்திரையெண்டாலும்."