வால் வெளுத்த பச்சைப் பூதம்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. கப்பலில் உட்கார்ந்துகொண்டு பதறாதீர்கள், கடைசி வரை படித்துவிடுங்கள். குட்டி இப்போது மதியத் தூக்கத்தில் என் பக்கத்தில்தான் இருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோதே சொல்லியிருக்கலாம். அவன் என் மடியில் இருந்தான். "உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு" என்று கேட்டீர்களே, ஜலதோஷம் என்று சமாளித்தேன். ஜலதோஷம் இல்லை.

போன விடுமுறையில் பரணிலிருந்து உங்கள் சின்ன வயசுப் பூதப் பொம்மைகள் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினீர்கள் அல்லவா, அதில் வந்தது வினை. நாலு பூதங்களையும் தரையில் நிறுத்திவைத்து, கப்பல் இன்ஜினையே கட்டி மேய்க்கிற ஆள், கார்ட்டூன் பாட்டை முழுசாகப் பாடிக் குதித்தீர்கள். அசல் பொம்மை வாங்க வழியில்லாமல் தெருவோரக் கடையில் போலியை வாங்கியதையும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று டிவி பார்த்ததையும், அந்த வீட்டம்மா திரையை இழுத்துவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்தப் பூதங்கள் மேல் பிரியம் வந்துவிட்டது. அப்போதுதான் குட்டிக்கு அந்த விதியையும் சொல்லிக்கொடுத்தீர்கள். "பயம் வந்தா பூதத்தோட வாலைக் கடிச்சிடணும். கடிச்சவன் சொல்ற பேச்சைத்தான் அது கேக்கும்." கார்ட்டூனில் வரும் பையன் அப்படித்தான் செய்வானாம்.

நீங்கள் கப்பலேறிய பிறகு இவனுக்கு மிக்சி சத்தம் பயம், குளியலறை பயம், மாடிப்படி பயம். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு கடி. பச்சைப் பூதம்தான் அதிகம் கடிபட்டது. என் தைரியசாலி என்று நானும் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வயிற்றுவலி என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தான். தட்டைத் தள்ளிவிட்டான். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினான். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகளும் நழுவின. ஆறு மாதம் முன்னால் "ஒட்டகச்சிவிங்கி" என்று தெளிவாகச் சொன்ன பிள்ளை, தண்ணீர் என்று சொல்லத் தெரியாமல் சொம்பைக் கை காட்டுகிறான். நான் சிரித்தேன். மூன்று குடைகளை மறந்து தொலைத்தவருக்குப் பிறந்தவன், அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எதையாவது வாயில வெச்சுக்கிட்டே இருப்பானா?" பையிலிருந்து பச்சைப் பூதத்தை எடுத்துக் கொடுத்தேன். வாலில் பெயிண்ட்டே இல்லை, வெளுத்துப்போயிருந்தது. அந்தக் காலத்து மலிவு பொம்மைகளின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கும் என்றார். விரலில் குத்தி எடுத்த ரத்தத்திலேயே ஈயம் அதிகமாகத் தெரிந்தது. கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தின் முடிவு வெள்ளிக்கிழமை வரும். அதிலும் அதிகம் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுப்பார்களாம். போன வார்த்தைகள் திரும்பி வருமா என்று கேட்டேன். "பொம்மைய நிறுத்திட்டீங்கல்ல, அதுவே பெரிய விஷயம்மா" என்றார். நான் கேட்டது அது இல்லை.

உங்கள் மேல் கோபமா என்று கேட்பீர்கள். இரண்டு நாள் இருந்தது. நேரில் இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பிறகு பயம் வந்து கோபத்தையும் தின்றுவிட்டது. வீட்டில் எதைத் தொட்டாலும் இதில் என்ன இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

பூதங்களைப் பரிசோதனைக்குக் கொடுப்பதற்கு முன்னால், கண்ணாடிக் கடையில் நான் திருகாணி பார்க்கிற லென்ஸை வைத்து அந்த வாலைப் பார்த்தேன். குட்டியின் பல்தடம் சின்னதாக, புதிதாக இருந்தது. அதற்கு மேலே அழுக்கேறிய பழைய தடம் ஒன்று, நடுவில் சந்து விட்டு. உங்கள் முன்பல் சந்து எனக்குத் தெரியாதா? மூன்று குடைகளும் ஞாபகம் வந்தன. இனி உங்கள் மறதியைக் கேலி செய்ய மாட்டேன். அந்தப் பழைய ஈயம் உடம்பில் இவ்வளவு வருஷம் நிற்குமா, நிற்காதா, எனக்குத் தெரியாது. கப்பல் டாக்டரிடம் சொல்லி நீங்களும் ரத்தம் பாருங்கள்.

அப்பாவுக்குத் துணையாகப் பூதங்கள் கப்பலுக்குப் போயிருக்கின்றன என்று இவனிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டால் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று. நேற்று சமையலறையில் மிக்சியைப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். பெயிண்ட் அடித்த கம்பி. வாயைத் துடைத்து, அடித்து, கட்டிப்பிடித்து அழுதும் பார்த்துவிட்டேன். "அப்பா சொல்லிச்சு" என்கிறான். இப்போதெல்லாம் தடுமாறாமல் அவன் சொல்கிற இரண்டே வார்த்தைகள் அவைதான்.

அதனால் அடுத்து கூப்பிடும்போது என்னிடம் பேச வேண்டாம், முதலில் அவனிடம் பேசுங்கள். கடைசி கார்ட்டூனில் விதி மாறிவிட்டது, இனி யாரும் எதையும் கடிக்க வேண்டாம், பயம் வந்தால் அம்மாவைக் கட்டிக்கொண்டால் போதும் என்று சொல்லுங்கள். பூதத்தின் குரலிலேயே சொல்லுங்கள். அவன் வாயில் அந்த இரண்டு வார்த்தைகள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள். எனக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா