நேராகப் பார்த்து எடுத்த போட்டோ

தாராவி

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அம்மா நலம். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பயப்படாமல் படி. மாப்பிள்ளையும் பேரன் இனியனும் சுகம்தானே? டப்ளினில் குளிர் விட்டதா? இங்கே பங்குனி பிறக்கும் முன்பே கூரைத் தகரம் கொதிக்கிறது, மேல் தட்டில் ஏறிப் படுக்க முடியவில்லை.

இனியன் பள்ளிக்கூடத்தில், தாத்தா பாட்டிமார் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து அனுப்பச் சொன்னார்கள் அல்லவா, அப்போது போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரையுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழ வேண்டும், போன் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், ரொம்பக் கிட்டே பிடித்தால் மூக்கு பெரிதாகிவிடும், முகத்தை வெளுப்பாக்குகிற வேலையெல்லாம் கூடாது என்றாய். நான் எதையும் செய்யவில்லை. உன் சித்தி மகள் விஜயலட்சுமி கல்யாணத்தில் எடுத்த பழைய போட்டோவைப் பார்த்து வரைந்து அனுப்பிவிட்டேன். அச்சு அசல் அப்பா என்றாய். அது பள்ளிச் சுவரில் தொங்குகிறது, இனியன் தினமும் அதற்கு டாட்டா காட்டுகிறான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் இதுதான். கார்த்திகையில் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடது பக்கம் கோணியிருக்கிறது, வலது கண் மூடவில்லை. பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து சாப்பிட்டேன், முகத்துக்குப் பயிற்சி நடக்கிறது, இப்போது கண் மூடுகிறது, வாய்தான் இன்னும் நேராகவில்லை. அய்யாத்துரை கடையில் நாலு பேர் முன்னால் டீ சட்டையில் வழிந்தது, கூசிப் போனேன். அன்றிலிருந்து தாடி வளர்த்தேன். கேட்டவர்களிடம் திருச்செந்தூருக்கு வேண்டுதல் என்றேன். உன்னிடமும் அதையே சொன்னேன், வீடியோவில் கூப்பிட்டால் நெட்வொர்க் இல்லை என்றேன். என் வேண்டுதல் நிறைவேற நீ அங்கே செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாய் என்று அம்மா சொன்னபோது வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமி பேரச் சொல்லி மூஞ்சிய மூடுதியளே, பிள்ள வந்து நின்னா எங்க கொண்டுபோயி வப்பிய என்று அவளும் கேட்டுவிட்டாள்.

நேற்று செல்வத்தின் சலூனுக்குப் போனேன். அவன் கத்தியைத் தொடாமல், கோயிலுக்குப் போவாம எடுக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி, தெய்வக் குத்தம் ஆயிரும் என்றான். வேண்டுதலே கிடையாதுடே என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன், அவன்தான் நாடியைப் பிடித்துத் தூக்கிவிட்டுச் சிரைத்தான்.

நம் வீட்டில் ஜன்னல் ஏது? வாசல் கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அம்மா போனைப் பிடித்தாள். என்னை அறியாமலே நல்ல பக்கத்தைக் காட்டித் திரும்பித் திரும்பி உட்கார்ந்தேன். கல்லிச் சந்தில் போகிறவர்கள் வேறு நின்று பார்த்தார்கள். அவுகள எதுக்குப் பாக்கிய, என்னயப் பாருங்க என்றாள். பார்த்தேன். அந்தப் போட்டோவையும் அதைப் பார்த்து வரைந்த படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். வாயை வரையும்போது பென்சில் தானாக நேராக்கப் பார்த்தது, அழித்து அழித்துக் கோணலாகவே வரைந்திருக்கிறேன்.

முதலில் நீ பார், பிறகு இனியனிடம் காட்டு. லீவுக்கு வரும்போது அவன் என்னைப் பார்த்து உன் பின்னால் ஒளிந்துகொண்டால் என்னால் தாங்க முடியாது, அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். அப்பா பொய் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே அம்மா. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போட்டு அனுப்பு. இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே கூப்பிடு. எடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
சொரிமுத்து