மைல்கல்லில் ஒரு சிவப்பு அம்பு

ரோக்காவிவா,
ஜூன் 10

அன்புள்ள எஜீதியோவுக்கு,

நாங்கள் நலம். நீ தூரினுக்குப் போய்ப் பதினான்கு நாள் ஆகிறது, ஒரு வரி இல்லை. மகள் வீட்டுச் சாப்பாடு கையைக் கட்டிப்போட்டுவிட்டதா? வீட்டில் நோர்மா தினமும் என்னைப் பிடுங்குகிறாள்: "ஆட்டை எல்லாம் வித்துட்டுப் போன மனுஷன் நம்மளையும் சேர்த்து வித்துட்டாரா?" போனில் கூப்பிடலாம்தான். போனில் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் பேனாவை எடுத்தேன்.

நம் சைக்கிள் ஓட்டம் நன்றாகவே நடந்தது. நூற்று நாற்பது பேர். ஒருவரும் விழவில்லை. வெள்ளைச் சரளைப் பாதை முடிந்து, நான் சாவி வைத்திருக்கும் வளாகக் கதவுக்குள் நுழைந்து, குளியல் மண்டபத்து இடிபாடுகளுக்கு நடுவே அந்த நானூறு மீட்டர் ரோமானியக் கருங்கல் பாதையில் பல் கிடுகிடுக்க ஓட்டுகிறார்களே, அதற்காகத்தான் வருகிறோம் என்று எல்லோரும் சொன்னார்கள். பச்சை அவரையும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டன. நீ மறுநாள் கிளம்ப வேண்டும் என்று சீக்கிரமே போய்விட்டாய்.

இப்போது கெட்ட செய்தி. புதன்கிழமை இடத்தைச் சுத்தம் செய்யப் போனேன். கதவுக்கு உள்ளே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிற்கும் ரோமானிய மைல்கல்லின் மேல் ஒரு அம்பு. சுண்ணாம்பு இல்லை. சிவப்பு. முகர்ந்தால் எண்ணெய் வாசனை. அதற்குப் பிறகு இரண்டு மழை பெய்துவிட்டது, அது அப்படியே இருக்கிறது.

உனக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷமாக வழிகாட்டும் அம்புகள் சுண்ணாம்பில் மட்டும், தரையில் மட்டும். ஒரு மழை வந்தால் நாம் வந்து போன அடையாளமே இருக்கக் கூடாது. அந்த வாக்கின் பேரில்தான் தொல்பொருள் அலுவலகம் கதவுச் சாவியை என்னிடம் விட்டுவைத்தது. வெள்ளிக்கிழமை அலுவலகத்து அம்மாள் வந்து பார்த்தார். "சாவி உங்ககிட்டதான இருந்துச்சு? யாருன்னு தெரியாதுன்னா எப்படிங்க?" என்றார். தெரியாது என்றுதான் மறுபடியும் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாவி இல்லாவிட்டால் கதவு திறக்காது. அடுத்த வருஷம் லாரிகளோடு தார்ச் சாலையில்தான் ஓட்ட வேண்டும். காப்பிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது.

அந்தப் பக்கத்து அம்புகளை ஓட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை நீதானே வரைந்தாய். வேறு யாராவது அங்கே திரிந்தார்களா? நன்றாக யோசித்து எழுது.

உன்,
அமில்காரே


தூரின்,
ஜூன் 19

அன்புள்ள அமில்காரேவுக்கு,

உன் கடிதம் பார்த்து மனம் சரியில்லை. எழுதாமல் இருந்தது தப்புதான். முட்டிக்கு டாக்டர், மருந்து என்று நாள் ஓடிவிட்டது. லொரெத்தா இந்த அப்பாவைப் படியேற விடுவதில்லை. இங்கே ஏற்றமே கிடையாது, சைக்கிள் ஓட்டினால் தூக்கம் வருகிறது.

அம்பு விஷயம். நான் யோசித்துப் பார்த்தேன். தெர்னியிலிருந்து வந்த அந்தக் கூட்டத்தை நீ கவனித்தாயா? பருத்த டயர், பளபளக்கும் சட்டை. சனிக்கிழமை சாயங்காலமே அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கல் என்றால் வெறும் கல்தான். அவர்களைக் கேட்டுப் பார்.

நோர்மாவிடம் நான் யாரையும் விற்கவில்லை என்று சொல். என் சைக்கிள் உன் கொட்டகையில் நனையாமல் இருக்கிறதல்லவா?

உன்,
எஜீதியோ


ரோக்காவிவா,
ஜூலை 8

அன்புள்ள எஜீதியோவுக்கு,

நீ சொன்னபடி தெர்னிக்காரர்களுக்கு எழுதினேன். குற்றம் சொல்லவில்லை. இப்படி ஆகிவிட்டது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

பதில் வரவில்லை. ஆட்களே வந்துவிட்டார்கள். போன சனிக்கிழமை, எட்டுப் பேர், அறுபது கிலோமீட்டர் சைக்கிளிலேயே. தலைவி பெயர் ஒந்தீனா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ஒரு ஆளையும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல, மெல்லிய தூரிகையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு வெயிலில் நாள் முழுக்கத் தேய்த்தார்கள். நோர்மா சூப்பு கொண்டுபோனாள், அதைக் குடிக்கக்கூட அவர்கள் எழுந்திருக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா. எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒந்தீனாவிடம் கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாங்க ஓட்டின பாதைதான மாமா. அழுக்கானா கழுவ வேண்டியதுதான். யார் பண்ணாங்கன்னு தேடிக்கிட்டிருந்தா பொழுது போயிடும்" என்றாள்.

முக்கால்வாசி போய்விட்டது. கல்லில் வெட்டிய எழுத்துகளின் பள்ளத்தில் இறங்கிய சிவப்பு மட்டும் வரவில்லை.

உன் சைக்கிள் நனையாமல்தான் இருக்கிறது.

உன்,
அமில்காரே


தூரின்,
ஆகஸ்ட் 2

அமில்காரே,

'அன்புள்ள' என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்தேன்.

நான்தான்.

அந்தச் சனிக்கிழமை மதியம், வழியில் கியான்னியின் கொட்டகையில் உட்கார்ந்து ஒயின் குடித்துவிட்டு எழுந்தபோது சுண்ணாம்பு வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டேன். அந்த மைல்கல் திருப்பம் மட்டும்தான் பாக்கி. ஊருக்குத் திரும்பி வேறு வாளி எடுத்து வர வேண்டுமானால் ஆறு கிலோமீட்டர் ஏற்றம். முட்டி வலி. சைக்கிள் பையின் அடியில் ஆட்டுக்கு அடையாளம் போடும் சாயம் ஒரு டப்பா கிடந்தது. போன வருஷம் அதே திருப்பத்தில் ஒருவன் வழி தவறிப் பள்ளத்தில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டானே, அதைத் தடுக்கத்தான் போட்டேன் என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அது பொய். சோம்பேறித்தனம், அவ்வளவுதான். அந்தத் திருப்பத்தில் மட்டும் தரையில் சரளை, சாயம் பிடிக்காது. கல்லில் பிடித்தது. ஓட்டம் முடிந்ததும் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் காய்ந்துவிட்டிருந்தது. மறுநாள் ரயிலேறிவிட்டேன்.

இதைவிடப் பெரிய அசிங்கம் என் ஜூன் மாதக் கடிதம். அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை அங்கே வரவே இல்லை. என் வாயால் பழிபோட்டேன். அவர்கள் அறுபது கிலோமீட்டர் மிதித்து வந்து என் அழுக்கைத் தேய்த்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லொரெத்தா கேட்கிறாள், "என்னப்பா ஆச்சு, யாராவது செத்துட்டாங்களா?" அவளிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் தாளும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

அலுவலகத்துக்கும் இன்றே எழுதிவிட்டேன். என் பெயர், என் சாயம், உனக்கு ஒன்றும் தெரியாது என்று. சாவியை உன்னிடமே கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன். ஒந்தீனாவுக்கும் எழுத வேண்டும். அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

எஜீதியோ


ரோக்காவிவா,
செப்டம்பர் 15

அன்புள்ள எஜீதியோவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று நோர்மா பேனாவை ஒளித்துவைத்தாள்.

எனக்கு அந்தப் புதன்கிழமையே தெரியும். செங்கல் பொடியையும் எண்ணெயையும் குழைத்து நீ போடும் அந்தச் சிவப்பை இருபது வருஷம் உன் ஆடுகளின் முதுகில் பார்த்தவன் நான். ஊரில் வேறு யாரிடமும் அது கிடையாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் "யாராவது திரிந்தார்களா" என்று உன்னைக் கேட்டேன். நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. தெர்னிக்காரர்களைக் கைகாட்டினாய். நானும் நல்லவன் மாதிரி அவர்களுக்குக் கடிதம் போட்டேன். நீ சொன்னது பொய் என்று தெரிந்தே போட்டேன். உனக்கு உறைக்கட்டும் என்று அந்தப் பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்தபோது உன்னைத் திட்ட வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அலுவலகத்து அம்மாள் போன வாரம் சாவியோடு வந்தார். "உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு, வாங்கிக்கோங்க" என்றார். நான் வாங்கவில்லை. தெரிந்துகொண்டே தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். சாவியை ஒந்தீனாவிடம் கொடுக்கச் சொன்னேன். கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் சாவி தொங்கிய ஆணி ஜூனிலிருந்து சும்மா இருந்தது. இப்போது நோர்மா அதில் வெங்காயச் சரம் மாட்டியிருக்கிறாள்.

ஒந்தீனாவுக்கு நீ எழுது. நான் எழுதிவிட்டேன். மன்னித்தேனா என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. உன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த மே மாதம் கடைசி ஞாயிறு ஓட்டம், வந்துவிடு. அம்புகளைத் தெர்னிக்காரர்கள் வரைவார்கள், சுண்ணாம்பில். நாம் இரண்டு பேரும் கதவுக்கு வெளியே மற்றவர்களோடு வரிசையில் நின்று, ஒந்தீனா திறந்துவிட்டதும் உள்ளே போவோம். மைல்கல் இடது பக்கம் இருக்கிறது. எழுத்துகளுக்குள் சிவப்பு இன்னும் தெரிகிறது. பார்க்காமல் போக வேறு வழி இல்லை.

உன்,
அமில்காரே