மாப்பிள்ளை மறைத்த நி

அன்பு மாப்பிள்ளை சவரிமுத்து,

மண்ணுக்குள்ளே போயும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டாய் போலிருக்கிறது. உன் பாட்டில் எவனோ கைவைத்துவிட்டான் என்று ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு நீ கட்டிய மெட்டுதான். ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரம், ஒன்றையொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். உத்தமபாளையத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்து சேரும் சொந்தபந்தம் முந்திப் பாடினாலும் பிந்திப் பாடினாலும் குரலோடு குரல் உரசி அபஸ்வரமாகாது. அதற்காகத்தான் நீ அப்படிக் கட்டினாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

நீ போனபிறகு என் ஆர்மோனியத்துக்குப் பதிலாகக் கோயிலில் கீபோர்டு வாசிக்க வந்த பீட்டர், ஒத்திகையில் அதற்குள் ஒரு நி-யைச் சொருகுகிறான். மேல் ச-வோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற நி. நடுவில் ஒரு கட்டைக்குக்கூட இடம் கிடையாது. கேட்டதும் காதில் உரசியது. உன் பாட்டைத் தன் பாட்டாக்கப் பார்க்கிறானோ?

பிடித்து நிறுத்தினேன்.

"நானா எதையும் சேக்கலண்ணே. லூர்து அக்காதான் இப்படிச் சொல்லிக் குடுத்தாக."

என் தங்கையா? உன் பாட்டை உன் பெண்டாட்டியே மாற்றுவாளா? பயல் ஏதோ சொல்லி அவளை மசிய வைத்திருப்பான் என்று நேரே உன் வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏத்தா, உன் புருஷன் மெட்டுல கண்டவனும் கைவைக்கலாமா?"

அவள் கோபப்படவில்லை. "வீட்ல அவுக நி போட்டுத்தாண்ணே பாடுவாக. கோயில்ல உன் ஆர்மோனியப் பெட்டியில அந்தக் கட்டை ஊமையில்ல? உன் பெட்டிதான் கொறைன்னு சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு, அது இல்லாமயே மாத்திக் கட்டுனாக."

நான் நம்பவில்லை. கோயிலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டையை அழுத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. அப்போதுதான் நினைவு வந்தது, ரிப்பேருக்குக் கொடுக்கவேண்டும் என்று எப்போதோ நான் சொன்னபோது, "நம்ம பாட்டுக்கு அது வேணாம் மச்சான்" என்று சிரித்தாயே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அட கள்ளா, பீட்டரைச் சந்தேகப்பட்டேன், கூடப்பிறந்தவளைச் சந்தேகப்பட்டேன். உன்னையல்லவா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்? எனக்காக இன்னும் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தாய்? இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன்?

பெட்டியைத் தேனியில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கல்லறைத் திருநாளன்று உன் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த நி-யை நானே வாசிப்பேன். கூட்டத்தின் குரல் உரசினால் உரசட்டும்.

லூர்துவின் அண்ணன்,
உன் மச்சான் அந்தோணி